வேளச்சேரியா, குரோம்பேட்டையா?



சென்னைக்கு வேலை மாறிப் போகும் பழைய மாணவர்கள் இரண்டு பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். ஆபீஸ் தரமணியில். வாடகைக்கு வீடு வேளச்சேரியில் பார்ப்பதா, குரோம்பேட்டையில் பார்ப்பதா? பலருக்கும் பயன்படட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன்.

தூரத்தை மட்டும் பார்த்தால் வேளச்சேரிதான். பறக்கும் ரயிலில் ஏறினால் பெருங்குடி, அடுத்தது தரமணி. குரோம்பேட்டையிலிருந்து என்றால் கிண்டி வரை மின்சார ரயில், பிறகு பஸ். நேரமும் அலைச்சலும் கூடத்தான் செய்யும்.

ஆனால், பகல் பதினொரு மணிக்கு அந்த வீட்டில் யார் இருப்பார்கள் என்று யோசித்தீர்களா? வேலைக்குப் போகிறவருக்கு வீடு என்பது ராத்திரி தங்குகிற இடம். அம்மாவுக்கும் குழந்தைக்கும் அதுதான் முழு நாளும். தண்ணீர் லாரி வந்தால் எழுந்து போவது அவர்கள். மழைநீர் படியேறினால் சாமான்களைக் கட்டில் மேல் தூக்கி வைப்பதும் அவர்கள்.

வேளச்சேரி ஏரியும் பள்ளிக்கரணை சதுப்பு நிலமும் சூழ்ந்த தாழ்வான பகுதி. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அங்கே பல தெருக்களில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. குரோம்பேட்டை முழுவதும் மேடு என்று நான் சொல்லவில்லை. எந்தப் பேட்டையானாலும் தெருவுக்குத் தெரு மாறும். புரோக்கரை நம்பாமல், பக்கத்து மளிகைக்கடைக்காரரிடம் கேளுங்கள்: "மழைக்கு இங்கே எதுவரைக்கும் தண்ணி வந்துச்சு?" கையை வைத்தே காட்டிவிடுவார்.

என் கருத்து இதுதான். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், வீட்டில் வேறு யாரும் இல்லை என்றால் வேளச்சேரி. ஆனால் தரைத்தளம் வேண்டாம். வயதான தாயும் சின்னக் குழந்தையும் உண்டென்றால் குரோம்பேட்டை. கடை, பள்ளிக்கூடம், டாக்டர், ஸ்டேஷன் எல்லாம் நடக்கிற தூரத்தில் இருக்கிற தெருவாகப் பாருங்கள். அலைச்சலை உடம்பில் தெம்பு உள்ளவர் சுமக்கட்டும்.

இன்னொன்று. பத்து மாத அட்வான்ஸ் கேட்டால் உடனே தலையாட்டாதீர்கள். 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்கிறது. ஆகவே கையெழுத்துப் போடுமுன் பேசுங்கள். கரண்ட் யூனிட்டுக்கு எவ்வளவு, தண்ணீர் லாரிச் செலவு யாருடையது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

வீடு பார்க்கப் போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த வீட்டில் அதிக நேரம் இருக்கப் போவது அவர்தான்.

நலமே விளைக.