கறவைப் பசுவும் கலைஞர் கண்ணும்

ஓவியத்திற் காட்டத்தக்கவர் தேவரும் வேந்தருமே; உழவர் வீட்டு மாடு கலைக்குரிய பொருளன்று எனக் கூறுவார் சிலர் உளர். அக்கூற்றுப் பொருந்தாது.

ஜெர்மனி நாட்டு நூரம்பர்க் நகரில் 1792-இல் பிறந்த யோகான் ஆடம் கிளைன் என்பவர், எருது, குதிரை முதலியவற்றைச் செம்புத் தகட்டில் வரைந்து அச்சிட்டுப் புகழ் பெற்றார். தகட்டின்மேல் மெழுகு பூசி ஊசியாற் கீறி, அமிலத்தில் இடுவர். கீறிய இடம் மட்டும் அரிக்கப்பட்டுப் பள்ளமாகும். அப்பள்ளத்தில் மை நிரப்பி ஈரத்தாளில் அழுத்தினால் ஓவியம் படியும். கண் தடுமாறின் கோடு தடுமாறும். ஆதலின் விலங்கை நெடிது நோக்கியவரே இத்தொழிலில் வெல்வர்.

அவருக்குப் பன்னிரண்டு நூற்றாண்டு முன்னரே அங்ஙனம் நோக்கியவர் தமிழகத்தில் இருந்தனர். மாமல்லபுரத்துக் கிருஷ்ண மண்டபத்திற்குச் செல்வோர் அதனைக் காணலாம். மண்டபம் விசயநகர காலத்தது. உள்ளேயுள்ள பாறைச் சிற்பமோ 7-ஆம் நூற்றாண்டுப் பல்லவர் பணி. கண்ணன் மலையைத் தாங்கி நிற்கின்றான். அப்பெருஞ்செயலின் அருகிலேயே ஓர் ஆயன் குந்தியிருந்து பால் கறக்கின்றான். பசு கழுத்தைத் திருப்பிக் கன்றை நக்குகின்றது. இது வெறும் அழகுக்காகச் செதுக்கியதன்று. கன்று அருகில் நின்றாலன்றி மடி சுரவாத பசுக்கள் பல. தொழுவத்தை அறிந்த சிற்பியே இதனைச் செதுக்கியிருத்தல் கூடும். மலை தூக்கும் கண்ணனைவிட இப்பசுவே காண்போர் நெஞ்சில் தங்குகின்றது என்றால் மிகையாகாது.

மாமல்லபுரத்திற்குக் காலையிற் சென்று மாலையில் மீளத்தக்க தொலைவில் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆகிய ஊர்கள் உள்ளன. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இலும் ஒரகடத்தில் 2010-இலும் கார்கள் செய்யப்படலாயின. அதனாற் பல குடும்பங்கள் பிழைக்கின்றன. அதனைக் குறை கூறுதல் நன்றன்று. ஆயினும் மேய்ச்சல் நிலம் குறைந்தபின் மாடு நெடுஞ்சாலையில் நிற்கின்றது. அவ்வூர்ச் சிறுவர் பலர் அதனைப் பேருந்திற்குத் தடையாகவே அறிவர்.

ஆலைப் பணிக்குச் செல்லும் பிள்ளைக்கு மாட்டைப் பார்க்கும் பயிற்சி எதற்கு எனச் சிலர் வினவுவர். பற்றவைத்த இரும்பில் மயிரிழைப் பிளவைக் காண்பதும் அதே கண்ணன்றோ? ஓவிய வகுப்பில் படத்தைப் பார்த்துப் படம் வரைவதினும், ஊரிலுள்ள தொழுவத்தருகே ஒரு மணி நேரம் நின்று வரைவது மேல். பசுவின் பின்காலை மனிதர் முழங்கால்போல முன்புறம் மடக்கி வரையும் மாணவர் பலர். தொழுவத்தருகே நின்றால், அதன் நடுக்கணு பின்புறம் துருத்தி நிற்பதை அவர்கள் தாமே கண்டுகொள்வர்.