'டியூன்' நாவலும் நம்மவர் தீர்ப்புகளும்





மத்ரஸாவில் பாடம் சொல்பவன் ஆங்கில அறிவியல் புனைகதையைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் வியக்கலாம். காரணம் எளியது. 2021இலும் 2024இலும் இரு திரைப்படங்கள் வெளிவந்த பின், 'டியூன்' என்னும் நாவல் வரிசையை நம் பிள்ளைகள் தேடிப் படிக்கிறார்கள். படித்துவிட்டு, "ஹஜ்ரத், அதில் மஹ்தீ வருகிறாரே, அவர் நாம் எதிர்பார்க்கும் மஹ்தீயா? அதில் வரும் ஜிஹாத் நம் ஜிஹாதா?" என்று கேட்கிறார்கள். நல்ல கேள்விகள். இவற்றுக்குப் பெரியவர்கள் தரும் விடைகள்தாம் கவலையளிக்கின்றன.

அவ்விடைகள் மூன்று வகையானவை. "நம் சொற்களை ஒரு மேற்கத்தியர் எடுத்தாண்டிருக்கிறார்; இது இஸ்லாத்துக்குக் கிடைத்த பெருமை" என்பது முதலாவது. "நம் மார்க்கத்தை இழிவுபடுத்தும் நூல், வீட்டுக்குள் விடாதீர்கள்" என்பது இரண்டாவது. "வெறும் கதைதானே, படித்துவிட்டுப் போகட்டும்" என்பது மூன்றாவது. இம்மூன்றையும் மறுக்கவே இக்கட்டுரை. மூன்றிலும் உள்ள குறை ஒன்றே: அந்நூல் என்ன சொல்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

நூலும் கதையும்

நூலாசிரியர் ஃபிராங்க் ஹெர்பர்ட் ஓர் அமெரிக்கர். 1920இல் பிறந்து 1986இல் மறைந்தவர். ஓரிகன் மாநிலக் கடற்கரையில் நகர்ந்துகொண்டிருந்த மணல்மேடுகளைப் புல் நட்டுத் தடுத்து நிறுத்தும் முயற்சியைப் பற்றிக் கட்டுரை எழுதப் போனவர் அவர். அதிலிருந்து கிளைத்த கதை 1963 முதல் 1965 வரை 'அனலாக்' இதழில் தொடராக வந்தது. பல பதிப்பகங்கள் மறுத்த பின், வாகனப் பழுதுபார்ப்புக் கையேடுகளுக்குப் பெயர்பெற்ற சில்டன் நிறுவனம் 1965இல் அதை நூலாக்கியது. அதன் தொடர்ச்சியாக மேலும் ஐந்து நாவல்களை ஹெர்பர்ட் எழுதினார்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அராக்கிஸ் என்பது ஒரு பாலைவனக் கோள். விண்வெளிப் பயணத்துக்கு இன்றியமையாத ஒரு நறுமணப் பொருள் அங்கு மட்டுமே கிடைக்கிறது. அம்மண்ணின் மக்கள் ஃபிரெமென் எனப்படுவோர். அக்கோளை ஆள வந்த பிரபு கொல்லப்படுகிறார். அவருடைய மகன் பால் அட்ரெய்டிஸ் ஃபிரெமென்களிடம் அடைக்கலம் புகுகிறான். தாங்கள் காத்திருந்த மஹ்தீ அவனே என்று அவர்கள் நம்புகிறார்கள். அவர்களின் வீரத்தைக் கொண்டே அவன் பேரரசின் அரியணையைக் கைப்பற்றுகிறான்.

சொற்களை எண்ணுவது வாசிப்பாகாது

முதலில், பெருமைப்படுவோரிடம் பேசுவோம். நாவலில் அரபிச் சொற்கள் நிறைந்திருப்பது உண்மைதான். நாயகன் ஏற்கும் பெயர் 'முஅத்திப்'. கதையில் அது பாலைவனச் சுண்டெலியின் பெயர். அரபியிலோ ஒழுக்கம் கற்பிக்கும் ஆசிரியரை அச்சொல் குறிக்கும். அப்பாஸியர் காலத்தில் கலீஃபாக்களின் பிள்ளைகளுக்குக் கற்பித்தோரை அவ்வாறே அழைத்தனர். ஃபிரெமென்கள் தமக்குள் அவனுக்கு இட்ட பெயர் 'உஸூல்'. உஸூலுல் ஃபிக்ஹ் படிக்கும் நம் மாணவர் இதைக் கண்டதும் மகிழ்வது இயல்பே.

இச்சூழலின் ஒரு பகுதி காக்கேசிய மலைநாட்டிலிருந்து வந்தது. ரஷ்யப் பேரரசை எதிர்த்து 1834 முதல் 1859 வரை போராட்டத்துக்குத் தலைமை தாங்கிய இமாம் ஷாமில் அவர்களைப் பற்றி லெஸ்லி பிளாஞ்ச் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1960இல் ஒரு நூல் வெளியிட்டார். அதிலிருந்து ஹெர்பர்ட் பல சொற்களை எடுத்துக்கொண்டார். இமாம் அவர்களின் துணைத்தளபதிகள் 'நாயிப்' எனப்பட்டனர்; நாவலில் ஃபிரெமென் தலைவர்களின் பட்டமும் அதுவே.

ஆனால், ஒரு சொல் நம் வீட்டிலிருந்து போயிருக்கிறது என்பதற்காக, அது போய்ச் சேர்ந்த வீடும் நம்முடையதாகிவிடுமா? 'லிஸானுல் கைப்' என்ற பட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 'மறைவானவற்றின் நாவு' என்பது அதன் பொருள். ஃபிரெமென்கள் பாலை அப்படித்தான் அழைக்கிறார்கள். இரு சொற்களும் தூய அரபி; கருத்தோ நம் அகீதாவுக்கு நேர் எதிரானது. மறைவானவற்றின் திறவுகோல்கள் அல்லாஹ்விடமே உள்ளன என்பது மக்தபில் ஓதும் குழந்தைகளும் அறிந்தது. தமக்கு மறைவானவை தெரியாது என்றும் தாம் வானவர் அல்லர் என்றும் மக்களிடம் அறிவிக்குமாறு நபி (ஸல்) அவர்களுக்கே திருக்குர்ஆன் கட்டளையிடுகிறது. அப்படியிருக்க, ஒரு மனிதன் எதிர்காலத்தைக் கண்டு ஆட்சி செய்யும் கதையை, அதில் அரபி கலந்திருக்கிறது என்பதற்காகவே 'நம்முடையது' என்பது எவ்வளவு மேலோட்டமான வாசிப்பு!

நீக்கப்பட்ட ஒரு சொல்

நாவலில் பலமுறை வரும் 'ஜிஹாத்' என்ற சொல்லைத் திரைப்படத்தில் தவிர்த்து, 'புனிதப் போர்' என்று மாற்றிவிட்டார்கள் என்று வாசகர் பலர் குறைப்பட்டனர். நம்மவரும் அக்குரலில் சேர்ந்துகொண்டனர். அச்சத்தின் காரணமாக ஒரு நூலின் சொல்லை மறைப்பது நேர்மையன்று, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அச்சொல்லைத் திரும்பக் கேட்பவர் எதைத் திரும்பக் கேட்கிறார் என்று அறிந்துதான் கேட்கிறாரா?

1969இல் வெளிவந்த இரண்டாம் நாவலான 'டியூன் மெசையா'வைப் புரட்டிப் பாருங்கள். பாலின் பெயரால் நடந்த ஜிஹாதின் கணக்கை அவனே சொல்கிறான்: 6,100 கோடி மனிதர்கள் மாண்டனர், 90 கோள்கள் உயிரற்றுப் போயின, 40 மதங்களைப் பின்பற்றியோர் துடைத்தழிக்கப்பட்டனர். செங்கிஸ்கானையும் ஹிட்லரையும் தன்னோடு ஒப்பிட்டு, அவர்களின் கொலைக்கணக்கு தன்னுடையதன் முன் மிகச் சிறியது என்று காட்டுகிறான்.

இதுவா ஜிஹாத்? போரில் பெண்களையும் குழந்தைகளையும் கொல்வதைத் தடுத்தவர்கள் நபி (ஸல்) அவர்கள். ஷாம் நாட்டுக்குப் படை அனுப்பியபோது, ஒதுங்கி வாழும் துறவிகளை விட்டுவிடுமாறும், கனிதரும் மரங்களை வெட்டாதிருக்குமாறும் அறிவுறுத்தியவர்கள் அபூபக்ர் (ரலி) அவர்கள். எல்லைகள் உள்ளதற்கே மார்க்கத்தில் அப்பெயர் உண்டு. எல்லையற்ற கொலைக்கு அப்பெயரைச் சூட்டிய ஒரு நாவலில் அச்சொல் இருந்தால் பெருமை, இல்லாவிட்டால் அவமானம் என்று வாதிடுவது, சொல்லைக் காக்கப் போய்ப் பொருளைத் தொலைப்பதாகும்.

தடை கேட்போருக்கு

"நீங்களே சொல்லிவிட்டீர்களே, அப்படியானால் தடுக்க வேண்டியதுதானே?" என்று இரண்டாம் வகையினர் கேட்பார்கள். சற்றுப் பொறுங்கள். அக்கொலைகளை நாவலாசிரியர் புகழவில்லை. அவற்றைக் காட்டி எச்சரிக்கிறார். மக்களை வசீகரிக்கும் தலைவனிடம் தம் அறிவை ஒப்படைத்துவிடும் சமூகம் என்னவாகும் என்பதைக் காட்டவே இக்கதையை எழுதியதாக அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

இதை முஸ்லிம் வாசகர்கள் மட்டும் தவறவிடவில்லை. முதல் நாவலைத் தொடராக வெளியிட்டுக் கொண்டாடிய 'அனலாக்' ஆசிரியர் ஜான் கேம்ப்பெல், இரண்டாம் நாவலை ஏற்க மறுத்தார். வெற்றிவீரனை வேண்டியவருக்கு, வீரனின் வீழ்ச்சி பிடிக்கவில்லை. வாசகர் பலரும் அவ்வாறே ஏமாற்றமடைந்தனர். பாலின் வெற்றிக்குக் கைதட்டியவர்கள், அக்கைதட்டலையே ஆசிரியர் கேள்விக்குள்ளாக்கியபோது கோபித்துக்கொண்டார்கள். தலைவனை விரும்பும் நோய் மேற்கு, கிழக்கு என்று பார்ப்பதில்லை.

முதல் நாவலின் முடிவில் ஓர் இடம் உண்டு. பாலுக்கு அடைக்கலம் தந்து, பாலைவன வாழ்வைக் கற்றுக்கொடுத்த தலைவர் ஸ்டில்கர். அத்தகைய நண்பர் தன் கண்முன்னே பக்தராக மாறிவிட்டதைப் பால் உணர்கிறான். எதிர்த்துப் பேசக்கூடிய ஒரு மனிதரை இழந்து, அடிபணியும் ஓர் உருவத்தைப் பெற்றுவிட்டதாக அவன் வருந்துகிறான். என் பார்வையில் நாவலின் உயிர்நாடி இதுவே.

இந்த எச்சரிக்கை நமக்குப் புதிதா? புகாரியில் பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சியை நினைவுகூருங்கள். நபி (ஸல்) அவர்கள் ஒரு படைப்பிரிவை அனுப்பி, தளபதிக்குக் கீழ்ப்படியச் சொன்னார்கள். வழியில் சினமுற்ற தளபதி, விறகு சேர்த்து நெருப்பு மூட்டி, அதனுள் இறங்குமாறு தம் வீரர்களுக்கு ஆணையிட்டார். நெருப்பிலிருந்து தப்பவே நபியிடம் வந்தோம், அதனுள்ளேயே இறங்குவதா என்று அவர்கள் தயங்கி நின்றார்கள். செய்தி எட்டியபோது நபி (ஸல்) அவர்கள், இறங்கியிருந்தால் அவர்கள் அதிலிருந்து மீண்டிருக்கவே மாட்டார்கள் என்றும், கீழ்ப்படிதல் நன்மையான காரியத்தில் மட்டுமே என்றும் தெளிவுபடுத்தினார்கள். அவ்வீரர்களிடம் இருந்த அந்தத் தயக்கம் ஃபிரெமென்களிடம் இல்லை. அதனாலேயே அவர்கள் அழிந்தார்கள், பிறரையும் அழித்தார்கள்.

கதையில் மட்டுமா?

'வெறும் கதைதானே' என்போர் இதையும் கேளுங்கள். நாவல் வெளிவந்து 14 ஆண்டுகள் கழித்து, 1979 நவம்பர் 20 அன்று, ஹிஜ்ரி 1400 முஹர்ரம் முதல் நாளில், ஜுஹைமான் அல்உதைபீ என்பவரின் ஆயுதக் கூட்டம் மக்காவின் ஹரம் ஷரீஃபைக் கைப்பற்றியது. தம் கூட்டத்தைச் சேர்ந்த முஹம்மது அல்கஹ்தானீ என்பவரே மஹ்தீ என்று அறிவித்தது. கனவுகளில் கண்டதையே சான்றாகக் காட்டினார்கள். ஒரு எறும்பைக் கூட நசுக்கக் கூடாத புனித எல்லைக்குள் இரு வாரங்கள் துப்பாக்கிகள் முழங்கின. இருநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. 'மஹ்தீ'யாக அறிவிக்கப்பட்டவரும் அச்சண்டையிலேயே மாண்டார். அவர்கள் தொழாதவர்கள் அல்லர், ஓதாதவர்களும் அல்லர். மஹ்தீயைப் பற்றிய நபிமொழிகளை அறிந்தவர்களே. அறிவு இருந்தது, அதைக் கொண்டு தம் தலைவரை உரசிப் பார்க்கும் துணிவு இல்லை.

நூல் தவறும் இடம்

இவ்வளவு சொன்ன பின், நாம் இந்நூலோடு பிரியும் இடத்தையும் சொல்லியாக வேண்டும். பிள்ளைகளின் ஈமானைத் தொடும் இடம் அதுதான்.

கதையில் 'பெனி ஜெஸரிட்' என்னும் பெண்கள் அமைப்பு ஒன்று உண்டு. அது பல கோள்களுக்கு ஆள்களை அனுப்பி, மக்களிடையே தீர்க்கதரிசனங்களையும் மூடநம்பிக்கைகளையும் முன்கூட்டியே விதைத்து வைக்கிறது. ஃபிரெமென்களின் மஹ்தீ நம்பிக்கை அப்படி விதைக்கப்பட்ட பயிர். பாலும் அவன் தாயும் அதை அறுவடை செய்துகொள்கிறார்கள். இதைப் படிக்கும் பதினெட்டு வயதுப் பிள்ளையின் உள்ளத்தில் ஒரு கேள்வி எழாமல் இராது: "எல்லா மார்க்கமும் இப்படித்தான் தோன்றியிருக்குமோ?"

இக்கேள்விக்கு அதட்டல் விடையாகாது. வரலாறுதான் விடை. ஹிஜ்ரி 10ஆம் ஆண்டில் நபி (ஸல்) அவர்களின் மகன், குழந்தை இப்ராஹீம் மறைந்த நாளன்று சூரிய கிரகணம் ஏற்பட்டது. அக்குழந்தையின் மறைவுக்காகவே சூரியன் மங்கியது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். எவரும் அவர்களைத் தூண்டவில்லை, தாமாகவே நம்பினார்கள். நம்பிக்கையைக் கருவியாக்கி ஆள நினைக்கும் ஒருவருக்கு இதைவிடப் பெரிய வாய்ப்பு வருமா? பேசக்கூட வேண்டாம், வாய்மூடி இருந்தாலே போதும். ஆனால் மகனை இழந்த துயரத்திலும் நபி (ஸல்) அவர்கள் எழுந்து நின்று, சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவை கிரகணம் அடைவதில்லை என்று அறிவித்தார்கள்.

பால் அட்ரெய்டிஸ் செய்யாதது இதுவே. தன்னைப் பற்றிய பொய்யான நம்பிக்கை பயன் தரும் என்று தெரிந்தபோது அவன் அதன்மீது ஏறி அமர்ந்தான். பொய் மஹ்தீகளின் இலக்கணத்தை ஹெர்பர்ட் நன்றாக எழுதியிருக்கிறார். ஆனால் உண்மையான நபித்துவத்தை அந்த அளவுகோலால் அளக்க முடியாது. கிரகண நாளின் அறிவிப்பு அளவுகோலையே முறித்துவிடுகிறது.

முடிவுகளையும் ஒப்பிடுங்கள். எல்லாப் போர்களிலும் வென்ற பால், இரண்டாம் நாவலின் இறுதியில் கண்ணிழந்து தனியே பாலைவனத்துக்குள் நடந்து போகிறான். 1859இல் தோற்றுச் சரணடைந்த இமாம் ஷாமில் அவர்களோ, பின்னர் ஹஜ் பயணம் மேற்கொண்டு, 1871இல் மதீனாவில் மறைந்து, ஜன்னத்துல் பகீயில் அடக்கமாகியிருக்கிறார்கள்.

பெற்றோர்களே!

நூலைப் பிடுங்காதீர்கள், 'நம் பெருமை' என்று கொண்டாடவும் வேண்டாம். பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டே கேள்விகள் கேளுங்கள்: "அந்த மக்கள் எந்த இடத்தில் கேள்வி கேட்பதை நிறுத்தினார்கள்? அந்த மனிதன் எந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்?" இவற்றுக்கு விடை தேடும் பிள்ளை, நாளை எந்தப் போலித் தலைவனிடமும் எளிதில் ஏமாறமாட்டான்.

கூடவே, நம்மையும் பார்த்துக்கொள்வோம். கைப்பேசியில் கேட்ட ஒரு பேச்சாளருக்காகச் சொந்த மஹல்லாவின் சகோதரரை வழிகேடர் என்று தூற்றுகிறோம். ஆதாரம் என்ன என்று கேட்பவரை அடக்கிவிட்டு, "எங்கள் தலைவர் சொல்லிவிட்டார்" என்பதையே ஆதாரமாக்குகிறோம். தாம் தவறினால் திருத்துமாறு தம் முதல் உரையிலேயே மக்களிடம் கேட்டுக்கொண்ட அபூபக்ர் (ரலி) அவர்களின் வாரிசுகள் நாம் என்பது அப்போது எங்கே போகிறது? ஃபிரெமென்களைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன், ஸ்டில்கர் நம் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்ப்பது நல்லது.

அல்லாஹ் நம் அனைவருக்கும் சத்தியத்தைச் சத்தியமாகக் கண்டு பின்பற்றவும், அசத்தியத்தை அசத்தியமாகக் கண்டு விலகவும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.