இன்னும் பத்து என்ஜின் வேண்டாம், தேதி வேண்டும்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லோரும் செய்வது ஒன்றுதான். பிரவுசரைத் திறந்து, கூகுளில் ஒரு சொல்லை டைப் செய்து, முதலில் வருவதைக் கிளிக் செய்கிறோம். சில மாதங்கள் போனதும் ஒரே சர்ச் என்ஜினை மட்டும் நம்பலாமா என்ற சந்தேகம் எழும். அந்த நேரத்தில் நண்பர் யாராவது, "மெட்டா சர்ச் புரோகிராம் போட்டுப் பார்" என்பார்.

மெட்டா சர்ச் புரோகிராம் தானாக இன்டர்நெட்டைத் தேடுவதில்லை. நீங்கள் தரும் சொல்லைப் பல சர்ச் என்ஜின்களுக்கு ஒரே நேரத்தில் அனுப்பும். வரும் விடைகளைச் சேர்த்து, ஒரே முகவரி இரண்டு முறை வந்திருந்தால் ஒன்றாக்கி, ஒரு பட்டியலாக உங்களுக்குத் தரும். காசிமேட்டில் பத்து பேரிடம் விலை விசாரித்துவிட்டு வந்து சொல்லும் ஆள் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

இது புதிய யோசனை இல்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் எரிக் செல்பெர்க், ஓரன் எட்சியோனி இருவரும் உருவாக்கிய மெட்டாகிராலர் 1995-லேயே வந்துவிட்டது. வீட்டுக் கம்ப்யூட்டரில் இன்ஸ்டால் செய்யும் வகையில் பெயர் பெற்றது கனடாவின் கோபர்னிக். மோடம் வழியாக நிமிடக் கணக்கில் இன்டர்நெட் பார்த்த காலத்தில் அது பெரிய வரம். அல்டாவிஸ்டா, லைகாஸ், எக்ஸைட் என்று எல்லாவற்றையும் ஒரே தட்டில் கேட்டு வாங்கும். பழைய தேடல்களைச் சேமித்தும் வைக்கும். அல்டாவிஸ்டா 2013-ல் மூடப்பட்டது. அந்தப் பழைய கோபர்னிக் புரோகிராமும் இப்போது விற்பனையில் இல்லை.

இன்று அந்த இடத்தில் இருப்பது சர்க்ஸ் என்ஜி. ஆடம் டாபர் 2014-ல் தொடங்கிய சர்க்ஸ் என்ற இலவசப் புரோகிராமில் இருந்து 2021-ல் பிரிந்து வந்தது இது. ஓப்பன் சோர்ஸ் என்பதால் யார் வேண்டுமானாலும் தன் கம்ப்யூட்டரில் வைத்து ஓட்டலாம். இதுபோன்ற புரோகிராம்களில் அடுத்து என்ன வசதி வரவேண்டும் என்று கேட்டால் பெரும்பாலோர் சொல்வது இரண்டு: இன்னும் நிறைய என்ஜின்கள் வேண்டும்; விடைகளை ஏஐ படித்துச் சுருக்கித் தரவேண்டும். இந்த இரண்டுக்கும் இப்போது அவசரம் இல்லை என்பது என் கட்சி.

காரணம் சொல்கிறேன். மெட்டா சர்ச்சில் எந்த விடை மேலே வரும் என்பது ஏறக்குறைய ஓட்டுப் போடுவது மாதிரிதான் முடிவாகிறது. ஒரு பக்கத்தை எத்தனை என்ஜின்கள் காட்டின, ஒவ்வொன்றும் எத்தனையாவது இடத்தில் காட்டியது என்று கணக்கிட்டு மதிப்பெண் போடுகிறார்கள். சர்க்ஸ் என்ஜியும் இதைத்தான் செய்கிறது. மூன்று என்ஜின்கள் ஒரே பக்கத்தைக் காட்டினால் அது சட்டென்று மேலே ஏறிவிடும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மூன்றும் யாகூ, பிங், டக்டக்கோ என்றால்? 2009-ல் மைக்ரோசாப்டுடன் ஒப்பந்தம் போட்ட பிறகு யாகூவின் தேடல் பிங்கைச் சார்ந்தே நடக்கிறது. டக்டக்கோவில் வரும் வழக்கமான லிங்க்குகளில் பெரும்பகுதியும் பிங் தருவதுதான். கூடைக்காரர்கள் மூன்று பேர். மீன் மட்டும் ஒரே படகில் இறங்கியது. மூன்று பேரும் ஒரே விலை சொன்னால் விலை சரி என்று ஆகிவிடுமா?

எனவே முதல் வசதி இது: ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் அது எந்தெந்த என்ஜினில் வந்தது என்பதோடு, எந்த மூலப் பட்டியலில் இருந்து வந்தது என்றும் காட்டவேண்டும். ஒரே மூலத்தில் இருந்து எத்தனை என்ஜின்கள் வந்தாலும் ஒரு ஓட்டுதான். சொந்தமாகப் பட்டியல் வைத்திருக்கும் மோஜீக், பிரேவ் போன்றவற்றுக்குத் தனி ஓட்டு. புரோகிராம் எழுதுபவருக்கு இது இரண்டு நாள் வேலைகூட இல்லை. இதைச் செய்யாமல் எழுபது என்ஜின், நூறு என்ஜின் என்று விளம்பரப்படுத்துவதில் எனக்கு மரியாதை வரவில்லை. அந்த மூலங்களும் நிலையாக இருப்பதில்லை. வெளிப் புரோகிராம்கள் முறைப்படி பிங்கின் விடைகளை வாங்கிக் கொள்ளத் திறந்து வைத்திருந்த வாசலை மைக்ரோசாப்ட் 2025 ஆகஸ்ட் 11 அன்று மூடிவிட்டது. நாளைக்கு எது மூடும் என்று யாருக்குத் தெரியும்?

இனி தேதிக்கு வருகிறேன். எங்கள் வடசென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு இது சொகுசு வசதி அல்ல. "எண்ணூர் கசிவு" என்று தேடிப் பாருங்கள். குறைந்தது மூன்று சம்பவங்கள் ஒன்றாகக் கலந்து வரும். 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகம் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. எர்ணாவூர் கரையில் ஜனங்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்து எண்ணெய், ஆற்றிலும் கழிமுகத்திலும் கலந்து வீடுகளுக்குள் வந்தது. அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவு பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்தது; மூச்சுத் திணறி ஜனங்கள் இருட்டில் ஓடினார்கள், பலர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

மூன்றும் வேறு வேறு. முதல் இரண்டில் மீனவர் கேட்பது படகும் வலையும் போனதற்கு என்ன இழப்பீடு, எந்தத் துறையில் மனு கொடுப்பது என்று. மூன்றாவதில் கேட்பது இந்த நிமிடம் கதவைச் சாத்துவதா, எந்தப் பக்கம் ஓடுவது என்று. மெட்டா சர்ச்சுக்கு எல்லாமே "எண்ணூர் கசிவு"தான். 2017-ன் இழப்பீட்டுச் செய்தி 2023-ன் செய்திக்கு மேலே வந்து நிற்கும். பழைய பக்கத்துக்கு அதிக ஓட்டு விழுந்திருக்கும், அவ்வளவே. அதைப் படித்துவிட்டுக் காலாவதியான அறிவிப்பை பிரிண்ட் எடுத்துக் கொண்டு ஒருவர் ஆபீஸ் படியேறினால், ஒரு நாள் கூலி போகும்.

சர்க்ஸ் என்ஜியில் ஒரு நாள், ஒரு வாரம், ஒரு மாதம், ஒரு வருடம் என்று வடிகட்டும் வசதி இருக்கிறது. போதாது. விடைகளை வருடவாரியாகப் பிரித்து அடுக்க வேண்டும்: 2017 ஒரு கட்டு, 2023 ஒரு கட்டு. தேதி தெரியாத பக்கங்களைத் "தேதி இல்லை" என்று வெளிப்படையாகத் தனியே தள்ளவேண்டும். இதைச் செய்யாமல் ஏஐ சுருக்கத்தைச் சேர்த்தால், மூன்று கசிவும் ஒரே பத்தியில், அழகான தமிழில், ஒரே சம்பவம் போல வந்து உட்காரும். அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

காப்பி அடிப்பது அடுத்த தொல்லை. பள்ளிக்கூட புராஜக்டுக்காக ராயபுரம் ரயில் நிலையத்தைத் தேடும் பிள்ளைகள் இதை நன்றாக அறிவார்கள். சில தளங்கள் 1856 ஜூன் 28 என்கின்றன. சில ஜூலை 1 என்கின்றன. முதலாவது நிலையத்தின் திறப்பு விழா, இரண்டாவது ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடு வரை பொதுமக்களுக்கு ரயில் ஓடத் தொடங்கிய நாள். ஆனால் இந்த விளக்கம் உள்ள பக்கம் எங்கோ கீழே கிடக்கும். மேலே இருக்கும் பத்துப் பக்கங்களும் ஒரே பாராவை, ஒரே எழுத்துப் பிழையோடு, ஒன்றிலிருந்து ஒன்று எடுத்துப் போட்டிருக்கும். முகவரி வேறு என்பதால் மெட்டா சர்ச் அவற்றைத் தனித்தனி விடைகளாக எண்ணுகிறது. முகவரியை மட்டும் ஒப்பிடாமல் வாசகங்களையும் ஒப்பிட்டு, "இதே வாசகம் மேலும் 9 தளங்களில்" என்று ஒரே வரியில் மடித்துவிட்டால் போதும். பதினோராவது பக்கம் தானாக மேலே வரும்.

பெயர்களும் ஒரு பிரச்னை. எண்ணூர் துறைமுகம் 2014-ல் காமராஜர் துறைமுகம் ஆயிற்று. பழைய பெயரில் தேடினால் புதிய செய்திகள் பல வராது. புதிய பெயரில் தேடினால் 2001-ல் துறைமுகம் தொடங்கிய காலத்துச் சங்கதிகள் வராது. திருவொற்றியூரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்று எண்ணிப் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை. தமிழ்நாடு அரசு 2020 ஜூனில் தண்டையார்பேட்டை உள்பட 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி வெளியிட்டு, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது நினைவிருக்கலாம். தமிழிலும் ராயபுரம், இராயபுரம் இரண்டும் உண்டு. எண்ணூரில், எண்ணூருக்கு என்று வேற்றுமை உருபு வேறு. நம் கம்ப்யூட்டரிலேயே ஓடும் புரோகிராமுக்கு இங்கே ஒரு சௌகரியம் இருக்கிறது. "இந்தப் பெயரைக் கேட்டால் இவற்றையும் சேர்த்துக் கேள்" என்று நாமே ஒரு பட்டியல் எழுதி வைக்க வழி செய்யலாம். அமெரிக்காவில் உட்கார்ந்திருப்பவர் நம் ஊர்ப் பெயர்களைக் கற்றுக்கொள்ளும் வரை காத்திருக்க வேண்டாம்.

புதியவர்களுக்காக இன்னொன்று. சர்க்ஸ் என்ஜியை விண்டோஸ் கம்ப்யூட்டரில் போட வேண்டுமானால் டாக்கர் என்ற வேறொரு சாப்ட்வேரைப் போட்டு, கறுப்பு ஸ்கிரீனில் கட்டளைகளை டைப் செய்ய வேண்டியிருக்கிறது. அந்தக் காலத்து கோபர்னிக்கில் டபுள் கிளிக் செய்து, நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்று அழுத்தினால் முடிந்தது. இருபது வருடத்தில் இது முன்னேற்றமா? தவிர, வீட்டில் தனியாக வைத்து ஓட்டினால் உங்களைப் பற்றி யாருக்கும் தெரியாது என்று சிலர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். கேள்வி உங்கள் வீட்டு இணைப்பில் இருந்துதான் ஒவ்வொரு என்ஜினுக்கும் போகிறது. உங்கள் ஐபி முகவரி அவர்களுக்குத் தெரியும்.

இந்த வசதிகள் வரும்வரை ஒரு வேலை செய்யலாம். சர்க்ஸ் என்ஜியை இப்போதே வைத்திருப்பவர்கள் பிரிபரன்ஸ் பக்கத்தில் என்ஜின்கள் பட்டியலுக்குச் சென்று, யாகூ, பிங், டக்டக்கோ மூன்றில் ஒன்றை மட்டும் ஆன் செய்து வைத்து, மோஜீக்கைச் சேர்த்துக் கொள்ளவும். செட்டிங்ஸ் பைலைத் திறக்கத் தயங்காதவர்கள் ஒவ்வொரு என்ஜினுக்கும் எடை எவ்வளவு என்பதையும் அங்கேயே மாற்றலாம். பிறகு "எண்ணூர் கசிவு 2023" என்று வருடத்தையும் சேர்த்து ஒருமுறை தேடவும். வருடம் இல்லாமல் வந்த பட்டியலையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.