மனை விற்றால் பள்ளி வளருமா?

திண்டிவனம், விழுப்புரம் நெடுஞ்சாலையோரம் மனைப்பிரிவுகள் பெருகினால் குடும்பங்கள் வரும், அரசுப் பள்ளிகளில் சேர்க்கை கூடும், ஆகவே மனைப்பிரிவு ஒப்புதலுக்கான நிபந்தனைகளைத் தளர்த்தலாம் என்கிறார்கள். தவறு.

முதலாவது, மனை வேறு, வீடு வேறு. முதலீட்டுக்கு வாங்கிப்போட்டு, கருவேலம் மண்டிக் கிடக்கும் மனையிலிருந்து எந்தப் பிள்ளை பள்ளிக்கு வரும்?

இரண்டாவது, 2019 கட்டட விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக 10% திறந்தவெளியாக ஒப்படைக்க வேண்டும். அது பூங்காவுக்கு, விளையாட்டுக்கு. வகுப்பறை எங்கே எழும்?

மூன்றாவது, கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள், 90 வரை 3. சேர்க்கை கூடினால் பணியிடம் கேட்கலாம்; விற்றுத் தீர்ந்த நிலத்தை யாரிடம் கேட்பது? வீட்டிலிருந்து 1 கி.மீ.க்குள் தொடக்கப் பள்ளி என்கிறது அச்சட்டத்தின் விதி. இடையில் சென்னை–திருச்சி நான்குவழிச் சாலை ஓடினால் ஆறு வயதுக் குழந்தை எப்படிக் கடக்கும்?

பள்ளிக்கான இடத்தை வரைபடத்தில் குறித்த பிறகே ஒப்புதல் தர வேண்டும்.