ஆச்சரியப்பட நமக்கு உரிமை உண்டா?



இது சுதந்திர தின வாரம். நம் வெள்ளிமலையிலும் கொடி ஏறும். பிள்ளைகளுக்கு மிட்டாய் கிடைக்கும். சபையில் தேசத்துக்காக ஜெபிப்போம். வழக்கமாக இந்த வாரத்தில் நன்றியறிதலைப் பற்றி எழுதுவேன். இம்முறை ஒரு குற்றச்சாட்டை எழுதுகிறேன். அதில் முதலில் நிற்கவேண்டியவன் நானே.

2024 ஜூன் 4-ஆம் தேதி மக்களவைத் தேர்தலின் முடிவு வந்தது. அதற்கு மூன்று நாள் முன்பு, கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடிந்த மாலையிலேயே, தொலைக்காட்சிகள் தீர்ப்பை எழுதிவிட்டன. ஆளும் கூட்டணி 350 இடங்களைத் தாண்டும் என்று பெரும்பாலான கணிப்புகள் கூறின. 400-ஐத் தொடும் என்றவையும் உண்டு. பெட்டிகள் திறக்கப்பட்டபோது, 2019-ல் 303 இடங்களை வென்ற கட்சி 240-ல் நின்றது. தனிப் பெரும்பான்மைக்கு வேண்டிய 272 அதனிடம் இல்லை. கூட்டணிக் கட்சிகளோடு சேர்ந்து 293 என்ற எண்ணிக்கையில் ஆட்சி அமைந்தது. அயோத்தி அடங்கிய பைசாபாத் தொகுதியிலேயே ஆளுங்கட்சி தோற்றது. தேசமே வியந்தது என்றார்கள்.

நம் விசுவாசிகளின் வாட்ஸ்அப் குழுக்களும் வியந்தன. ஒரு பக்கம், "கர்த்தர் நம் ஜெபத்தைக் கேட்டார்" என்ற சாட்சிகள். மறுபக்கம், "இது தேசத்துக்கு வந்த சோதனை" என்ற புலம்பல்கள். தேர்தலுக்கு முன்னே தரிசனம் கண்டதாகச் சொல்லி எண்ணிக்கையை அறிவித்த ஊழியர்களும் உண்டு. எண்ணிக்கை பொய்த்தபின் அவர்களில் சிலர் மௌனமானார்கள். சிலர் தரிசனத்துக்குப் புதுப் பொருள் சொன்னார்கள். வருந்தியவர் என்று எவரையும் நான் காணவில்லை.

பிரியமானவர்களே, இந்தப் பேச்சு முழுவதும் எனக்குச் சம்மதமில்லை. 240 தேவனுடைய பதில் என்றால் 303 யாருடைய பதில்? நமக்குப் பிடித்த எண் வந்தால் கர்த்தர் பேசினார் என்பதும், பிடிக்காத எண் வந்தால் சத்துரு செயல்பட்டான் என்பதும் விசுவாசமல்ல. நம் விருப்பத்துக்குத் தேவனுடைய முத்திரையைக் களவாடிப் பதிப்பதாகும். அது அவருடைய நாமத்தை வீணாக வழங்குவதே.

அன்றியும், வியந்தவர்கள் யார்? பைசாபாத்தில் வாக்களித்த விவசாயத் தொழிலாளி வியந்திருக்கமாட்டார். தன் வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள், தன் தெரு எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது அவருக்குத் தெரியும். அவரிடம் கேளாமலே அவருடைய பதிலை எழுதிவைத்திருந்தவர்கள்தான் வியந்தார்கள். ஆகவே அந்த வியப்பு மக்களைக் குறித்து எதையும் சொல்லவில்லை. மக்களிடமிருந்து நாம் எவ்வளவு தூரத்தில் இருந்தோம் என்பதையே அது சொல்லிற்று.

அடுத்து எழுந்த பேச்சு வாலிபரைப் பற்றியது. "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ரீல்ஸ் போதும், நாடு எக்கேடு கெட்டால் என்ன" என்று பெரியவர்கள் சலித்துக்கொண்டார்கள். அதற்குச் சான்றாக ஓர் எண்ணையும் காட்டினார்கள். அந்த எண் மெய்யானது. 18, 19 வயதினர் ஏறக்குறைய 1.8 கோடிப் பேர் இந்தத் தேர்தலில் வாக்காளராயிருந்தார்கள். பெரிய எண்ணாகத் தோன்றும். ஆனால் தேசத்தில் அந்த வயதில் இருப்பவர்களில் நூற்றுக்கு 40 பேர்கூட அது அல்ல. மற்றவர்கள் வாக்களிக்க மறுத்தவர்கள் அல்லர். அவர்களுடைய பெயரே பட்டியலில் இல்லை.

இந்த வேறுபாட்டைக் கவனியுங்கள். வாக்குச்சாவடிக்குப் போகாதவனை அலட்சியமுள்ளவன் என்று சொல்லலாம். பட்டியலிலேயே இல்லாதவனைக் குறித்து முதலில் கேட்கவேண்டிய கேள்வி வேறு: அவன் பெயரை எழுதும்படி அவனுக்குச் சொன்னது யார்?

ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிறு ஆராதனைக்குப் பின் நம் வாலிபன் ஒருவன் தேர்தல் முடிவை வெகு ஆர்வமாய் விவரித்துக்கொண்டிருந்தான். உத்தரப்பிரதேசத்தின் தொகுதிகள்கூட அவனுக்கு மனப்பாடம். "நீ எந்தச் சாவடியில் ஓட்டுப் போட்டாய் தம்பி?" என்று கேட்டேன். தலையைத் தாழ்த்திக்கொண்டு, "என் பேர் லிஸ்ட்ல இல்லைங்க ஐயா. எப்படிச் சேர்க்கணும்னு யாரும் சொல்லல" என்றான். அவனுக்கு வயது இருபது. இருபதிலும் ஓய்வுநாள் பள்ளியிலும் வாலிபர் கூட்டத்திலுமாகப் பதினான்கு ஆண்டுகள் என் கையில் இருந்தவன். ஆபிரகாமின் வம்ச வரலாற்றை அவனுக்குக் கற்பித்தேன். அவன் பெயர் எழுதப்படவேண்டிய பட்டியல் ஒன்று பக்கத்து அலுவலகத்தில் இருக்கிறது என்று ஒருநாளும் சொல்லவில்லை.

தேர்தலுக்கு முந்திய ஞாயிறன்று, ஏப்ரல் 14 அன்று, நல்ல ஆளுகைக்காக நான் ஊக்கமாய் ஜெபித்தேன். ஆனால் சபையாரை நோக்கி, "உங்களில் எத்தனை பேருக்குப் பட்டியலில் பெயர் இருக்கிறது?" என்று கேட்கவில்லை. அதைக் கேட்க ஐந்து நிமிடம் போதும். பிள்ளைகளைக் குறைகூறுகிற ஒவ்வொரு தகப்பனிடமும், தாயிடமும், ஆசிரியரிடமும், என் சக ஊழியரிடமும் இதையே கேட்கிறேன்: நீங்கள் கேட்டீர்களா?

இந்த மலையில் வாழ்கிற நாம் இந்தக் கேள்வியை மற்றவர்களைவிட அதிகமாய் உணரவேண்டும். தேசம் 1947-ல் விடுதலை அடைந்தது. 1951-52-ல் முதல் பொதுத் தேர்தலை நடத்தியது. கல்வராயன் மலையிலோ ஜாகீர்தார்களின் ஆளுகை தொடர்ந்தது. 1976-ல்தான் இந்த மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது. இங்குள்ள மலையாளி பழங்குடி மக்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1996-ல். முதல் பொதுத் தேர்தலுக்கும் நம் முதல் வாக்குக்கும் இடையே நாற்பது ஆண்டுகளுக்கு மேல். கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பின், 2024 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் இந்த மலைமக்களின் நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டபோது, இந்த வரலாறு சமவெளியில் பலருக்குப் புதிதாயிருந்தது. நமக்கு அது புதிதல்ல. நாம்தான் அதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டோம்.

மேலத்தெருப் பெரியவர் ஒருவர் தம் முதல் வாக்கைப் பற்றி என்னிடம் சொன்னார். அப்போது அவருக்கு நாற்பது வயது கடந்திருந்தது. யாருக்கு வாக்களித்தார் என்பதோ, யார் வென்றார் என்பதோ அவருடைய நினைவில் தெளிவாக இல்லை. "சாவடில என் பேரச் சத்தமா வாசிச்சாங்க ஐயா. சர்க்கார் ஆளு ஒருத்தர் என் பேரு, எங்கப்பா பேரு ரெண்டையும் வாசிச்சது அன்னிக்குத்தான்" என்றார். நல்ல மேய்ப்பன் தன் ஆடுகளைப் பேர்சொல்லி அழைக்கிறான் என்று நாம் பிரசங்கிக்கிறோம். பேர்சொல்லி அழைக்கப்படுவது இன்னதென்று அந்தப் பெரியவருக்கு நம்மைவிட நன்றாய்த் தெரிந்திருக்கிறது. அவருடைய பேரனுக்கு இப்போது பத்தொன்பது வயது. அவன் பெயரை இன்னும் எவரும் வாசிக்கவில்லை.

நியாயாதிபதிகள் புஸ்தகத்தின் ஒன்பதாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். அபிமெலேக்கு தன் சகோதரரைக் கொன்று ராஜாவானான். தப்பியவன் ஒருவனே, எல்லாரிலும் இளையவனாகிய யோதாம். அந்த வாலிபன் கெரிசீம் மலையின் உச்சியில் ஏறிநின்று, கீழே இருந்த சீகேம் ஊராருக்கு ஒரு கதை சொன்னான். மரங்கள் தங்களுக்கு ராஜாவைத் தேடிப் போயின. ஒலிவமரம் தன் எண்ணெயை விட்டு வர மறுத்தது. அத்திமரம் தன் இனிமையை விட்டு வர மறுத்தது. திராட்சச்செடியும் தன் ரசத்தைக் காரணங்காட்டி விலகிற்று. கடைசியில் நிழலே இல்லாத முட்செடி, தன் நிழலில் வந்து தங்கும்படி அவைகளை அழைத்தது. வராவிட்டால் தன்னிலிருந்து அக்கினி புறப்படும் என்றது.

நான் எந்தக் கட்சியையும் முட்செடி என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்ல இந்தப் பக்கம் மேடையுமல்ல. நான் பார்ப்பது அந்த மூன்று நல்ல மரங்களை. அவற்றில் ஒன்றும் கெட்ட மரமல்ல. ஒவ்வொன்றுக்கும் உருப்படியான வேலை இருந்தது. அந்த நல்ல வேலையையே சாக்காக வைத்து விலகிக்கொண்டன. "எங்களுக்கு ஊழியம் இருக்கிறது, அரசியல் உலகத்தாருக்கு" என்று சொல்லும் சபைக்கு இதைவிடச் சரியான கண்ணாடி வேதத்தில் எனக்குத் தெரியவில்லை.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும் என்று அறிவேன்.

முதலாவது, "நம்முடைய ராஜ்யம் இவ்வுலகத்துக்குரியதல்ல" என்பது. மெய்தான். ஆனால் ரேஷன் கார்டும் சாதிச் சான்றிதழும் வாங்க நாம் இவ்வுலகத்து அலுவலகங்களின் வாசலிலேதானே நிற்கிறோம்? நமக்கு வேண்டியதைப் பெறும்போது இந்த உலகத்தின் குடிமக்கள், அயலானுக்காக ஒரு சொல் சொல்லவேண்டியபோது மட்டும் பரலோகத்தின் குடிமக்கள் என்பது பரிசுத்தமல்ல, வசதி.

இரண்டாவது மறுப்பு கடினமானது. வாலிபரே அதைக் கேட்கிறார்கள். "ஓட்டுப் போட்டு என்ன ஆனது?" ஏப்ரல் 19 அன்று நம் கள்ளக்குறிச்சித் தொகுதியில் 79 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள்; தமிழகத்தின் மிக உயர்ந்த பதிவுகளில் அது ஒன்று. மத்திய சென்னையில் 54 விழுக்காட்டை அது எட்டவில்லை. வாக்களித்து இரண்டு மாதம் நிறைவதற்குள், முடிவு வந்து இரண்டே வாரத்தில், ஜூன் 18 அன்று கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து மக்கள் விழத் தொடங்கினார்கள். 60-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்த வீடுகளிலும் ஏப்ரல் மாதத்து மை விரலில் முற்றிலும் அழிந்திராது. அப்படியானால் வாக்கு அவர்களைக் காத்ததா?

காக்கவில்லை. இதை மழுப்பமாட்டேன். விரலில் மை வைத்த அன்றோடு நம் கடமை முடிந்தது என்று நாம் எண்ணியதால்தான் காக்கவில்லை. சாராயம் விற்கிற இடம் ஊராருக்குத் தெரிந்திருந்தது. கேட்க ஆள் இல்லை. வாக்கு ஒரு விதை. விதைத்துவிட்டு ஐந்து வருடம் கொல்லைப் பக்கம் போகாதவன் அறுவடை இல்லையென்று நிலத்தைக் குறைகூறலாகாது. சாமையும் மரவள்ளியும் பயிரிடுகிற நமக்கு இதை விளக்கவேண்டியதில்லை. ஆனால் விதைக்கவே இல்லாதவன் கொல்லையில் நின்று கேள்வி கேட்கவும் வகையில்லை. பெயரில்லாத ஊரிடம் எந்த அதிகாரியும் பதில் சொல்லப் பயப்படமாட்டார். நாற்பது ஆண்டுகள் நம் முன்னோர் அதை அனுபவித்தார்கள்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். நம் வாலிபரில் பலர் மலையில் இல்லை. கேரளத்திலும் கர்நாடகத்திலும் தோட்டங்களிலும் கட்டட வேலைகளிலும் இருக்கிறார்கள். வாக்குப்பதிவு நாளில் வந்துபோகக் கூலியும் போகிறது, பேருந்துச் செலவும் ஆகிறது. வேலை செய்யும் இடத்திலிருந்தே வாக்களிக்க வழிசெய்யும் இயந்திரம் ஒன்றின் மாதிரியைத் தேர்தல் ஆணையம் 2023-ன் தொடக்கத்தில் கட்சிகளுக்குக் காட்ட அழைத்தது. அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. இப்படிப்பட்டவனை அலட்சியக்காரன் என்று அழைப்பது பாவம். அவனுக்காகக் கேட்பது சபையின் கடமை. தேர்தல் நாளில் அவன் வந்துபோக உதவுவதும் கடமை.

ஆகவே, பிரியமானவர்களே, அடுத்த தேர்தலின் முடிவைக் குறித்து என்னிடம் தரிசனம் கேட்காதீர்கள். என்னிடம் தரிசனம் இல்லை. படிவம் 6 இருக்கிறது. வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்தபின் ஆலயத்தின் பின்புற அறையில் ஒரு மேசை போடப்படும். 18 வயது நிறைந்தவர்கள் வயதுச் சான்றோடும் முகவரிச் சான்றோடும் ஒரு புகைப்படத்தோடும் வாருங்கள். 17 வயது நிறைந்தவர்களும் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். முன்போல ஜனவரி 1-ஐ மட்டும் கணக்கிடுவதில்லை. ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் நாளும் தகுதி நாள்களே. நிரப்பிய படிவங்களை வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் நாமே சேர்ப்போம். மேலத்தெருப் பெரியவரின் பேரனுடைய படிவத்தை முதலாவதாக எழுத விரும்புகிறேன். எந்த மதத்துப் பிள்ளை வந்தாலும் எழுதுவோம். யாருக்கு வாக்களிக்கவேண்டும் என்று அந்த மேசையில் எவரும் பேசக்கூடாது, நானும் பேசமாட்டேன்.

அடுத்த முறை தேசம் வியக்கும்போது, நம் பிள்ளைகள் வேடிக்கை பார்த்து வியப்பவர்களாயிராமல், அந்த முடிவை எழுதியவர்களுள் ஒருவராய் இருக்கட்டும்.

ஜெபிப்போம்: ஆண்டவரே, உம்முடைய நாமத்தால் எண்ணிக்கைகளை அறிவித்த எங்கள் துணிகரத்தை மன்னியும். பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டு, பின்பு அவர்களையே குற்றப்படுத்தினோம், அதையும் மன்னியும். கருணாபுரத்தின் விதவைகளையும் பிள்ளைகளையும் நாங்கள் மறவாதபடி எங்கள் நினைவைக் காத்தருளும். ஆமென்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் போதகர்