ரிப்பேருக்குப் பிறகு வந்த புது சத்தம்... பழைய லாரி என்ன சொல்கிறது?

வண்டி வைத்திருக்கும் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ரிப்பேருக்கு முன்னால் இருந்த சத்தம் பெரிதாகத் தொந்தரவு செய்யாது. அது பழகிய சத்தம். ரிப்பேர் முடிந்து, பில் கட்டி, வண்டியை வீட்டுக்கு எடுத்து வந்த மூன்றாம் நாள் புதிதாக ஒரு 'டக் டக்' கேட்கும் பாருங்கள், அதுதான் தூக்கத்தைக் கெடுக்கும். ஸ்கூட்டியாக இருந்தாலும் சரி, ஆறு சக்கர லாரியாக இருந்தாலும் சரி, அப்போது முதல் சந்தேகம் எஞ்சின் மீது விழாது. மெக்கானிக் மீதுதான் விழும்.

கோவை பீளமேட்டில், ஆவாரம்பாளையம் போகும் வழியில் ஒரு சந்துக்குள் இருக்கிற பட்டறையில் அப்படி ஒரு சந்தேகத்தை அரை நாள் உட்கார்ந்து பார்த்தேன். லாரி உரிமையாளர், மெக்கானிக் இருவருமே பெயர் போட வேண்டாம் என்றார்கள். அதனால் 'லாரிக்காரர்', 'மேஸ்திரி' என்றே வைத்துக்கொள்வோம்.

வண்டி பழைய டாடா. உள்ளே இருப்பது 697 எஞ்சின். இந்த எண்ணுக்கே ஒரு விளக்கம் உண்டு. 6 சிலிண்டர், ஒவ்வொன்றின் உள்விட்டமும் 97 மி.மீ. சேர்த்துச் சொன்னால் 697. நம் தெருக்களில் ஓடும் 407 வண்டிகளில் வந்த 497 எஞ்சினும் இதே கணக்குதான், 4 சிலிண்டர், 97 மி.மீ. இந்த 697-ன் கொள்ளளவு 5,675 சி.சி. கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது, டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்து 'செக் எஞ்சின்' என்று சொல்லவும் சொல்லாது. இந்த எஞ்சினுக்கு நோய் வந்தால் சத்தம், புகை, சூடு, ஆயில் பிரஷர் முள் என்று நாலு வழியில்தான் தெரியும்.

லாரிக்காரரே டிரைவரும். கணபதி பக்கத்து ஃபவுண்டரிகளிலிருந்து காஸ்டிங் ஏற்றிக்கொண்டு மைசூர் போய் வருவார். இரண்டு வாரத்துக்கு முன் ரேடியேட்டரில் குமிழி வருகிறது என்று ஹெட்டை இறக்கி, கேஸ்கெட் மாற்றி, வால்வு தேய்த்து, நாசில் ஆறையும் சர்வீஸ் செய்து ஏற்றியிருக்கிறார்கள். வண்டி நன்றாக இழுத்தது. மூன்றாவது நாள் சத்தம். அடுத்த நாள் லோடு ஒப்புக்கொண்டிருந்தார். பண்ணாரியைத் தாண்டினால் திம்பம் மலைப்பாதை, 27 கொண்டை ஊசி வளைவு. இரவில் ஏற விடமாட்டார்கள் என்பதால் நேரமும் கணக்காகப் போக வேண்டும். நடுவளைவில், முழு லோடில், எஞ்சின் நின்றால் என்ன ஆகும் என்பதை அவர் எனக்கு விளக்கவில்லை. விளக்கத் தேவையும் இருக்கவில்லை.

"ஏனுங்ணா, ராடு போயிருச்சுங்களா?" என்றுதான் வந்ததும் கேட்டார்.

ராடு என்றால் கனெக்டிங் ராடு. பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் தண்டு. அதன் அடி முனையில் இருக்கும் பேரிங் தேய்ந்துவிட்டால் கனமாக, அடிவயிற்றிலிருந்து வருவது போல 'டம் டம்' என்று அடிக்கும். அப்படியே ஓட்டினால் ராடு உடைந்து எஞ்சின் பிளாக்கையே துளைத்துவிடலாம். எஞ்சினை முழுதாக இறக்கி வேலை பார்த்தால் லட்சத்தைத் தொட்டுவிடும் என்பது லாரிக்காரர் கணக்கு. அவ்வளவு பணம் கையில் இல்லை. ஃபைனான்ஸ் தவணை வேறு ஓடிக்கொண்டிருக்கிறது. 8 வருடம் தாண்டிய வண்டி என்பதால் எஃப்.சி.யும் வருடா வருடம் காட்ட வேண்டும்.

மேஸ்திரி பதில் சொல்லவில்லை. பானெட்டையும் திறக்கவில்லை. கேள்விதான் கேட்டார். "காத்தால ஸ்டார்ட் பண்ணுனதும் வருதுங்களா, சூடானப்புறமா? ஐடிலிங்லயா, ரேஸ் பண்ணும்போதா? லோடு இருந்தாத்தான் வருதா, எம்ப்டியிலயும் வருதா? புகை எப்படி?"

எனக்கு இது ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்பது போலவே இருந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் காரணம் இருக்கிறது. குளிரில் மட்டும் வந்து சூடானதும் மறைந்தால் பிஸ்டனுக்கும் லைனருக்கும் இடையிலான இடைவெளியாக இருக்கலாம். சூடாகி ஆயில் இளகிய பிறகு கூடினால் பேரிங் பக்கம் பார்க்க வேண்டும். ஆக்ஸிலேட்டர் அமுக்கும்போது மட்டும் 'டிக் டிக்' என்று காற்று கசிவது போல் வந்தால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கெட். இந்தக் கடைசி ஆசாமி பெரிய ஏமாற்றுக்காரன் என்றார் மேஸ்திரி. அப்படியே டேப்பட் சத்தம் போலக் கேட்குமாம்.

லாரிக்காரர் சொன்ன பதில்: எப்போதும் வருகிறது, ஐடிலிங்கில் தெளிவாக, இழுக்கும்போது அதிகமாக. புகை கொஞ்சம் கறுப்பு.

இனிமேல்தான் வண்டியை ஸ்டார்ட் செய்தார்கள். கிளட்ச்சை அமுக்கச் சொன்னார். சத்தம் மாறவில்லை, எனவே ரிலீஸ் பேரிங் இல்லை. ஃபேன் பெல்ட்டைக் கழற்றி ஒரு நிமிடம் மட்டும் ஓடவிட்டார். அப்போதும் அதே சத்தம். வாட்டர் பம்ப், டைனமோ இரண்டும் தப்பித்தன. ஆயில் பிரஷர் முள், சூடான பிறகும் இருக்க வேண்டிய இடத்திலேயே இருந்தது. அதைப் பார்த்ததும் மேஸ்திரியின் தோள் லேசாக இறங்கியதைக் கவனித்தேன். லாரிக்காரர் கவனித்த மாதிரி தெரியவில்லை.

பிறகு அந்த நீள ஸ்க்ரூ டிரைவர் வந்தது. பழைய மெக்கானிக் எல்லோரிடமும் இருக்கும் வித்தை இது. முனையை எஞ்சின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோரம் அழுத்திக் கேட்பது. 1816-ல் பாரிஸில் ரெனே லென்னெக் என்ற டாக்டர் காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டதிலிருந்துதான் ஸ்டெதாஸ்கோப் பிறந்தது. மேஸ்திரிக்குக் காகிதத்துக்குப் பதில் இரும்பு, அவ்வளவுதான். சம்ப்பில் வைத்தார், டைமிங் கேஸில் வைத்தார், டேப்பட் கவரில் வைத்தார். ஒவ்வோர் இடத்திலும் பத்து விநாடி. (நீங்கள் முயன்றால் சுற்றும் ஃபேனிடமிருந்து துப்பட்டா, தலைமுடி, சட்டைக் கையைத் தள்ளி வையுங்கள். என்னை அவர் நான்கடி தள்ளித்தான் நிற்கவைத்தார்.)

"கீழ சத்தம் மங்குதுங்க. மேலதான் நிக்குது" என்றார்.

மேலே என்றால் டேப்பட்டா? டேப்பட் கவரைக் கழற்றி 12 வால்வின் இடைவெளியையும் ஃபீலர் கேஜால் பார்த்தார். மி.மீ.யில் சில பத்தில் ஒரு பங்குதான் இந்த இடைவெளி. அது கூடிவிட்டால் தையல் மெஷின் ஓடுவது போலச் சத்தம் வரும். குறைந்துவிட்டால் சத்தமே வராது, ஆனால் வால்வு கருகிவிடும். ஆக, டேப்பட்டில் சத்தமில்லாத வண்டிதான் ஆபத்தான வண்டியாக இருக்கவும் வாய்ப்புண்டு. இதை நான் அன்றுதான் முதன்முதலில் கேள்விப்பட்டேன். இந்த வண்டியில் எல்லாம் அளவாகவே இருந்தன.

அடுத்த சோதனைதான் அன்றைய நாளின் முக்கியமான கட்டம். எஞ்சின் ஐடிலிங்கில் ஓடும்போதே ஒவ்வொரு நாசிலுக்கும் போகும் டீசல் பைப் நட்டை, வரிசையாக ஒன்றொன்றாகத் தளர்த்தினார். தளர்த்தினால் அந்த சிலிண்டருக்கு மட்டும் டீசல் போகாது, அது வேலை செய்யாது. ஒன்று, இரண்டு, மூன்று... எஞ்சின் திணறியது, சத்தம் அப்படியே இருந்தது. நான்காவதைத் தளர்த்தியதும் சத்தம் பட்டென்று நின்றுவிட்டது.

லாரிக்காரர் அப்படியே வண்டியின் படியில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு விஷயம் தெரியும். ராடு பேரிங் போயிருந்தாலும் இப்படித்தான் ஆகும். அந்த சிலிண்டரில் வெடிப்பு நின்றால் ராடின் மேல் அடி விழாது, சத்தமும் அடங்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்தச் சோதனையை வீட்டில் செய்யாதீர்கள். பழைய நாசில்கள்கூட சுமார் 200 பார் அழுத்தத்தில் திறப்பவை. லாரி டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல 25 மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேகத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். சின்னப் புள்ளி போலத் தெரியும் அந்தக் காயத்துக்கு உடனே ஆஸ்பத்திரி போகாவிட்டால் விரலையே இழக்க நேரிடும். இப்போதைய காமன் ரயில் வண்டிகளில் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும். அவற்றில் மெக்கானிக்கும் இதைச் செய்யக் கூடாது.

மேஸ்திரி எஞ்சினை நிறுத்தினார். டீ சொன்னார். தேங்காய் பன்னும் வந்தது. லாரிக்காரர் தொடவில்லை. "உங்களுக்குள்ள என்ன ஓடுதுன்னு தெரியுதுங்க தம்பி. பழைய சாமான மாட்டிட்டானோன்னு நெனைக்கறீங்க. இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்குது, பொறுங்க" என்றார்.

நான்காவது சிலிண்டரின் நாசிலைக் கழற்றி இரண்டாவதில் மாட்டினார். இரண்டாவதை நான்காவதில் மாட்டினார். அவ்வளவுதான். ராடு பேரிங் தேய்ந்திருந்தால் சத்தம் நான்காவதிலேயே இருக்கும், அது எங்கேயும் போக முடியாது. நாசில்தான் காரணமென்றால் சத்தம் நாசிலோடு இடம் மாறும்.

ஸ்டார்ட் செய்து மறுபடி நட்டுகளைத் தளர்த்தினார். நான்காவதைத் தளர்த்தியபோது சத்தம் நிற்கவில்லை. இரண்டாவதைத் தளர்த்தியதும் நின்றது.

லாரிக்காரர் எழுந்து டீயை எடுத்தார்.

நாசிலுக்குள் இருக்கும் ஊசிக்கும் அதன் துளைக்கும் உள்ள இடைவெளி சில மைக்ரான்தான். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். அந்த இடுக்கில் ஒரு துளி தூசி மாட்டினால் ஊசி சரியாக மூடாது. டீசல் புகையாகச் சிதறாமல் சொட்டாக விழும். சேர்ந்த டீசல் ஒரேயடியாகப் பற்றும்போது சுத்தியலால் அடித்தது போல 'டக்'. கறுப்புப் புகைக்கும் அதுதான் காரணம்.

சரி, சர்வீஸ் செய்த நாசிலுக்குள் தூசி எப்படிப் போனது? மேஸ்திரி அங்கே வேலை பழகும் பையனைப் பார்த்தார். "ஹெட்டு எறக்குனப்ப பைப்பு முனைக்கெல்லாம் துணி சுத்தி வெச்சியாடா?" பையன் தரையைப் பார்த்தான். ஃபவுண்டரியும் லேத்தும் சூழ்ந்த அந்தத் தெருவில் காற்றிலேயே இரும்புப் பொடி இருக்கும். இரண்டு நாள் திறந்து கிடந்த பைப்பில் என்ன போயிருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மேஸ்திரி பையனைத் திட்டவில்லை. ஆறு பைப்பையும் கழற்றிக் கழுவச் சொன்னார். லாரிக்காரரிடம் திரும்பி, "நாசில் என்ற கணக்குலீங்க. கூலியும் வேண்டாம்" என்றார். சத்தத்தைக் கண்டுபிடித்ததைவிட இதற்குத்தான் அதிக துணிச்சல் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. டீசல்ல தண்ணி கலந்திருக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

இந்த ஊருக்கு எஞ்சினைக் காது கொடுத்துக் கேட்கும் பழக்கம் புதிதல்ல. கலங்கலில் 1893-ல் பிறந்த ஜி.டி.நாயுடு, வெள்ளைக்கார அதிகாரி ஒருவரிடம் வாங்கிய ரட்ஜ் மோட்டார் சைக்கிளை அக்கக்காகப் பிரித்து மாட்டித்தான் எஞ்சினைக் கற்றார். 1920-ல் பொள்ளாச்சி - பழனி இடையே பஸ் ஓட்ட ஆரம்பித்து, பெரிய பஸ் கம்பெனியையே கட்டினார். அவருடைய கண்டுபிடிப்புகள் என்று சொல்லப்படும் பட்டியலில் எஞ்சின் அதிர்வைச் சோதிக்கும் கருவியும் ஒன்று. 2025 அக்டோபரில் திறந்த அவிநாசி சாலை மேம்பாலத்துக்கு அவர் பெயர்தான். 10.1 கி.மீ. நீளமுள்ள அந்தப் பாலம் பீளமேட்டின் தலைக்கு மேலேதான் போகிறது.

உங்கள் வீட்டு வண்டிக்கும் இதில் சில விஷயம் இருக்கிறது. சர்வீஸுக்குப் பிறகு புது சத்தம் வந்தால், "ஏதோ சத்தம் வருது" என்று மட்டும் சொல்லாதீர்கள். எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்று இரண்டு நாள் கவனித்துக் குறித்து வையுங்கள். முதலில் கடைசியாகக் கைவைத்த இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜில் சத்தத்தைப் பதிந்து அனுப்புவது பெரிதாக உதவாது. அது மனிதக் குரலுக்காகச் செய்யப்பட்டது, அடித்தொண்டைச் சத்தத்தை மங்கவைத்துவிடும். போன் கேமராவில் வீடியோ எடுத்து அனுப்புவது கொஞ்சம் பரவாயில்லை. ஆனால், கனமான 'டம் டம்' சத்தத்தோடு ஆயில் விளக்கும் எரிந்தால் கவனிப்பதெல்லாம் வேண்டாம். அங்கேயே ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்திவிடுங்கள். அடுத்த தெருவில்தான் மெக்கானிக் இருந்தாலும் கட்டி இழுத்துத்தான் போக வேண்டும்.

லாரி மறுநாள் விடியற்காலையில் கிளம்பியது. 1,000 கி.மீ. ஓடியதும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் மேஸ்திரி. புது கேஸ்கெட் போட்டால் ஹெட் போல்ட்டுகளை மறுபடி டார்க் வைத்து இறுக்கி, டேப்பட் பார்க்க வேண்டுமாம். அந்த வேலையைப் பையன்தான் செய்யப்போகிறான், மேஸ்திரி பக்கத்தில் நிற்பார்.