காருன்னா ‘விண்டேஜ்’, லாரின்னா காயலாங்கடையா? பழைய லாரிகளை மீட்பவர்களுக்கு விதி தரும் சிக்கல்

1965-ல் பதிவான ஒரு அம்பாசடர் கார். அதே வருஷம் பதிவான ஒரு டாடா மெர்சிடீஸ் பென்ஸ் லாரி. இரண்டையும் ஒருவர் ஆசைப்பட்டு வாங்கி, துருவைச் சுரண்டி, இன்ஜினைப் பிரித்துப் போட்டு, திரும்ப உறும வைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காருக்கு அரசாங்கமே ‘விண்டேஜ்’ என்று தனி நம்பர் கொடுக்கும். லாரிக்கு? அது இன்னமும் சரக்கு வாகனம்தான். எஃப்.சி. எங்கே, பெர்மிட் எங்கே என்றுதான் கேட்பார்கள்.

பழைய கார், பழைய புல்லட் வைத்திருப்பவரை ‘ரசனையான ஆளு’ என்கிறோம். பழைய லாரியை வாங்கிச் சரிபண்ணுபவரைப் பார்த்து, ‘இதுல என்னங்க லாபம்?’ என்று கேட்கிறோம். விதியும் கிட்டத்தட்ட அதே கேள்வியைத்தான் கேட்கிறது. அது மாறவேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

விதி என்ன சொல்கிறது?

பழைமையான வாகனங்களைப் பதிவுசெய்ய 2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் தனி விதிகளைக் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைத் தாண்டியிருக்க வேண்டும். அசல் வடிவத்திலேயே இருக்க வேண்டும். பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய். 10 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் புதுப்பிக்க 5,000 ரூபாய். நம்பர் பிளேட்டில் ‘விஏ’ என்ற எழுத்துகள் வரும். கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்ற காரணங்களுக்காக மட்டும் ரோட்டில் இறக்கலாம்.

நல்ல விதிதான். ஆனால், அதில் இடம்பெற்றவை இருசக்கர வாகனங்களும் நான்கு சக்கர வாகனங்களும்தான். சாதாரண லாரிக்கே முன்னால் இரண்டு, பின்னால் நான்கு என ஆறு சக்கரம் ஆச்சே!

அப்படியானால், பழைய லாரியை நம் சொந்த வண்டியாக வைத்துக்கொள்ளலாமா? அங்கேதான் மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-வது பிரிவு குறுக்கே வருகிறது. சரக்கு வண்டியைப் பொது இடத்தில் ஓட்டினால் பெர்மிட் வேண்டும். வண்டியில் சரக்கு இருக்கிறதா, இல்லையா என்பது கணக்கில்லை. ஒரு மூட்டைகூட ஏற்றாமல் கண்காட்சிக்குப் போனாலும் அது சரக்கு வண்டிதான். எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும். இத்தனையும், நாளெல்லாம் லோடு ஏற்றிச் சம்பாதிக்கிற வண்டிக்காக எழுதப்பட்டவை. வருஷத்துக்கு நாலு நாள் வெளியே வரும் வண்டிக்கும் அதே அளவுகோல்.

காயலாங்கடை கொள்கையால் வந்த வினையா?

ஒரு தவறான எண்ணத்தை முதலில் சரிசெய்துவிடுவோம். 15 வருஷம் ஆனாலே எல்லா வண்டியையும் உடைத்துவிட வேண்டும் என்று நாடு முழுமைக்கும் சட்டம் இல்லை. தகுதிச் சோதனையில் தேறினால் தனியார் வண்டி ஓடலாம். கட்டாயம் என்பது அரசு வண்டிகளுக்குத்தான். 2023 ஏப்ரல் 1 முதல், 15 ஆண்டுகளைத் தாண்டிய அரசு வாகனங்களின் பதிவு புதுப்பிக்கப்படுவதில்லை. ராணுவம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு.

புகை கக்கிக்கொண்டு, பிரேக் பிடிக்காமல், பாரம் இழுக்கிற பழைய லாரிகள் ரோட்டிலிருந்து போகவேண்டும். அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால், எல்லாவற்றையும் உடைப்பதற்கும் ஒவ்வொரு ரகத்திலும் ஒன்றிரண்டையாவது எடுத்து வைப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

அந்த லாரிகளில் அப்படி என்ன இருக்கு?

1954-ல் டெல்கோ நிறுவனம் ஜெர்மனியின் டெய்ம்லர் பென்ஸுடன் கைகோத்து லாரி தயாரிக்கத் தொடங்கியது. 15 ஆண்டுகளில், 1969-ல் அந்த ஒப்பந்தம் முடிந்தது. லாரியின் மூக்கில் இருந்த மூன்று முனை நட்சத்திரம் போய் ‘டி’ எழுத்து வந்தது. ஆனால் பெயர் வைக்கும் வழக்கம் போகவில்லை. டாடா 1210 என்றால் மொத்த எடை 12 டன், இன்ஜின் திறன் சுமார் 100 குதிரைத்திறன். 1613 என்றால் 16 டன், 130. எண்ணைப் பிரித்தாலே வண்டியின் ஜாதகம் வந்துவிடும்.

இந்தப் பக்கம் எண்ணூர். 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று ஆரம்பித்து, ஆஸ்டின் கார்களைப் பூட்டிக்கொண்டிருந்த நிறுவனம், இங்கிலாந்தின் லேலண்டுடன் சேர்ந்து 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. அங்கிருந்து வந்த ‘காமெட்’ லாரியை ஓட்டிய தலைமுறை இன்று தாத்தாக்கள்.

அந்த வண்டிகளில் பவர் ஸ்டீயரிங் கிடையாது. கியர் மாற்ற கிளட்சை இரண்டு முறை மிதிக்க வேண்டும். நடுவில் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் தட்டி, இன்ஜின் வேகமும் கியர் வேகமும் ஒத்துப்போகும் அந்த நொடியில் லீவரைத் தள்ளவேண்டும். தவறினால் ‘கர்ர்ர்’ என்று ஊருக்கே கேட்கும். கேபினில் இன்ஜின் சூடு முகத்தில் அடிக்கும். நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம் என்ற விதி 2025 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய தலைமுறைகள் எப்படி உழைத்தார்கள் என்பதைப் புத்தகத்தில் படிப்பதைவிட, அந்த சீட்டில் அஞ்சு நிமிஷம் உட்கார்ந்தால் புரிந்துவிடும்.

மீட்பது எப்படி?

ஒரு விஷயத்தில் பழைய லாரி, இன்றைய லாரியைவிட எளிது. அதில் கம்ப்யூட்டர் இல்லை. டீசல் பம்ப், நாசில், பிஸ்டன், லைனர் என எல்லாமே கையில் பிடித்துப் பார்க்கக் கூடியவை. கிடைக்காத பாகத்தை லேத் பட்டறையில் கடைந்து வாங்கலாம். தளர்ந்த ஸ்பிரிங் பட்டையைத் தட்டி வளைவு எடுக்கலாம்.

கடினமானது வேறு. முதலில் பேப்பர்: ஆர்.சி. புக்கில் இருக்கும் சேசிஸ் எண்ணும், வண்டியின் சட்டத்தில் பொறித்திருக்கும் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். துரு அந்த எண்ணையே தின்றிருந்தால் சிக்கல்தான். அடுத்து இடம்: கார் மாதிரி இதை போர்டிகோவில் விடமுடியாது. மூன்றாவது, ஆள். மீட்டர் இல்லாமல், சத்தத்தைக் கேட்டே பம்ப் டைமிங் சொல்லும் மெக்கானிக்குகளுக்கு வயதாகிவிட்டது. பட்டறைக்குப் புதுசாக வரும் பையன்கள் கற்பது ஸ்கேனர் வைத்துப் பார்க்கிற வேலை. அதில் தப்பில்லை, பிழைப்பு அங்கேதான் இருக்கிறது. ஆனால், பழைய கைவேலையைக் கற்றுக்கொள்ளப் பழைய வண்டி வேண்டுமே.

‘அசல்’ என்றால் எது?

காருக்கான விதியை அப்படியே லாரிக்கு நீட்டிவிட்டால் போதுமா? போதாது. காரணம், நம் ஊர் லாரி பிறந்த விதமே வேறு.

கம்பெனியிலிருந்து முழு லாரி வராது. இன்ஜின், பானெட், ஸ்டீயரிங்கோடு வெறும் சேசிஸ்தான் வரும். மேலே கூரையில்லாத அந்த வண்டியை, கண்ணாடி மாட்டிக்கொண்டு, தலையில் துண்டு கட்டிக்கொண்டு டிரைவர்கள் பல நூறு கிலோமீட்டர் ஓட்டிவருவார்கள். அதன்பிறகுதான் நாமக்கல், திருச்செங்கோடு மாதிரி ஊர்களில் பாடி கட்டும் வேலை. தச்சர் மரக் கேபின் அடிப்பார். வெல்டர் இரும்பு வேலை பார்ப்பார். பெயின்டர் குலதெய்வத்தின் பெயரையும் முதலாளி பிள்ளைகளின் பெயரையும் எழுதுவார். ஒரு லாரி மாதிரி இன்னொன்று இருக்காது.

பிறகு 30 வருஷ ஓட்டத்தில் கேபின் மாறும், இன்ஜின் மாறும், ஆறு முறை பெயின்ட் மாறும். இதில் எதை ‘அசல் வடிவம்’ என்பது? கம்பெனி கேட்லாக்கைத் தேடினால் பாதி வண்டிதான் அதில் இருக்கும். மீதிப் பாதியைச் செய்தது நம் ஊர்ப் பட்டறை. அதனால் சேசிஸும் இன்ஜின் ரகமும் அந்தக் காலத்துடையதா, பாடி அந்தக் காலப் பட்டறை முறைப்படி கட்டப்பட்டதா என்பதைத்தான் அளவுகோலாக வைக்கவேண்டும்.

வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள்?

எண்ணூருக்குப் பெயர் கொடுத்த அந்த லேலண்ட் ஊரிலேயே, 1983-ல் திறக்கப்பட்ட வர்த்தக வாகன அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய லாரி, பஸ் வைத்திருப்பவர்கள் லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ஓட்டிச்செல்லும் பேரணி 1962-ல் தொடங்கியது. அந்த நாட்டில் 40 ஆண்டுகளைத் தாண்டிய வண்டிக்கு வாகன வரி விலக்கு உண்டு. பெரிய வண்டியாக இருந்தால், தொழிலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது நிபந்தனை. அமெரிக்காவில் லாரி வரலாற்றுக்கென்றே 1971 முதல் ஒரு சங்கம் இயங்குகிறது.

கோவையில் ஜி.டி. அறக்கட்டளையின் அழகான கார் அருங்காட்சியகம் இருக்கிறது. எரிவாயு டேங்கர்களுக்கும் டிரெய்லர்களுக்கும் பெயர்பெற்ற நாமக்கல்லிலோ, ரிக் வண்டிகளை நாடெங்கும் அனுப்பும் திருச்செங்கோட்டிலோ ஒரு லாரி அருங்காட்சியகம் அமைந்தால் எவ்வளவு பொருத்தமாக இருக்கும்!

எதிர்ப்புகளில் நியாயம் இருக்கிறதா?

இருக்கிறது. முதலாவது புகை. அந்தக் கால இன்ஜினுக்கு இன்றைய பிஎஸ் 6 அளவுகோல் எட்டாத உயரம். ஆனால் பழைய காருக்கும் அதே கதைதான். அதற்கு ஓட்டும் காரணங்களைக் கட்டுப்படுத்தி வழிகண்டோம். இரண்டாவது பாதுகாப்பு. பழைய பிரேக்குள்ள வண்டியை இன்றைய நெடுஞ்சாலை வேகத்தில் விடக்கூடாது. பகல் நேரம், குறைந்த வேகம், முன்கூட்டியே தகவல் என்று விதிக்கலாம்.

மூன்றாவதுதான் உண்மையான பயம்: விண்டேஜ் என்று பதிவு செய்துவிட்டு ராத்திரியில் மணல் ஏற்ற மாட்டார்கள் என்று என்ன நிச்சயம்? எனவே கறாரான நிபந்தனை வேண்டும். விண்டேஜ் பதிவு வாங்கினால் சரக்கு பெர்மிட் நிரந்தரமாக ரத்து. ஒருமுறை லோடோடு பிடிபட்டால் பதிவும் ரத்து.

என்ன செய்யலாம்?

மத்திய அரசு, 2021 விதிகளில் லாரி, பஸ்ஸைச் சேர்க்கலாம். மாநில அரசு, தன் துறைகளில் கழித்துக்கட்டும் வண்டிகளில் ரகத்துக்கு ஒன்றை உடைக்காமல் எடுத்துவைக்கலாம். அதை ஐ.டி.ஐ. மாணவர்கள் மீட்கட்டும், ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கட்டும். அருங்காட்சியகம் கட்டப் பணம் வேண்டும், காலம் வேண்டும். ஆனால், விதியில் சில வரிகளைச் சேர்க்க அவ்வளவு செலவு ஆகாது.

அதற்குள் எத்தனை 1210-கள், எத்தனை காமெட்கள் கேஸ் கட்டருக்குப் போகுமோ. ஊர்ப் பட்டறைக்குப் பின்னால், புதருக்குள் மூக்கு மட்டும் தெரிய நிற்கிற லாரியை வாங்க ஒருவர் ஆசைப்பட்டால், ‘வாங்குங்க, இப்படிப் பதிவு பண்ணலாம்’ என்று சொல்ல ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஒரு விண்ணப்பப் படிவமாவது இருக்க வேண்டாமா?